தேயிலை டப்பாவில் சன்ஸ்கிரீன்

மியாகோ: துண்டை இன்னும் கொஞ்சம் இறுக்கட்டுமா? கீழ் வழியா ஏதாவது தெரியுதா?

குனியோ: ஒண்ணும் தெரியல. நீ நடக்கறதுதான் கேக்குது. சமையலறைக்கும் இங்கேயும் நாலு தரம் போயிட்டு வந்துட்டே... கண்ணைக் கட்டினதும் மழை எவ்வளவு கிட்ட வந்துடுச்சு பாரேன். கூரையில பெய்யறது என் நெத்தியில பெய்யற மாதிரி இருக்கு.

மியாகோ: தூங்கிடாதீங்க.

குனியோ: மத்தியானம் சாப்பாடு போட்டு, பாயில சாய வச்சு, கண்ணையும் கட்டிவிட்டுத் தூங்காதேன்னா எப்படி? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழிச்சு இப்ப என்ன கண்ணாமூச்சி?

மியாகோ: கண்ணாமூச்சியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அஞ்சு கோப்பையில தேநீர் ஊத்தப் போறேன். ஒவ்வொண்ணா குடிச்சு, என்ன வாசம் வருதுன்னு சொல்லணும். அவ்வளவுதான்.

குனியோ: நாள் முழுக்க அதைத்தானே செய்யறேன். என் தொழிலே அது. அதுக்கு எதுக்குக் கண்ணைக் கட்டணும்?

மியாகோ: நிறத்தைப் பாத்தே பாதி சொல்லிடுவீங்க. மீதியை என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லிடுவீங்க.

குனியோ: உன் மூஞ்சியில அவ்வளவு எழுதியிருக்கா?

மியாகோ: ...கையை நீட்டுங்க. இது முதல் கோப்பை. சூடு, பாத்து.

குனியோ: ம்... நம்ம இலை. போன வருஷத்தோடது. மேல் சரிவு. பறிச்ச அன்னைக்கு நீ கழுத்துல பச்சைத் துண்டு கட்டியிருந்தே.

மியாகோ: துண்டோட நிறமெல்லாம் தேநீர்ல வருமா?

குனியோ: வரும். இலை பாத்ததெல்லாம் உள்ளதான் இருக்கும். அவசரப்படாம வாயில வச்சுக்கிட்டா ஒவ்வொண்ணா வெளிய வரும்... ஆத்து மேல பனி இன்னும் கலையல. காத்து கீழேருந்து மேல ஏறுது. யாரோ கூடையைக் கீழ வைக்கறாங்க. வச்சுட்டு இடுப்பைப் பிடிச்சுக்கறாங்க.

மியாகோ: அது நம்ம கூடப் பறிக்கற தோமோயே அக்காதான். வேற யாரு இடுப்பைப் பிடிப்பா. சரி, அதெல்லாம் இருக்கட்டும். வேற வாசம் ஏதாவது?

குனியோ: வேறன்னா?

மியாகோ: இலைக்குச் சொந்தமில்லாத வாசம்.

குனியோ: இலைக்குச் சொந்தமில்லாததை யார் உள்ள விட்டா? ...மியாகோ, டப்பாவுல என்ன போட்டே?

மியாகோ: கோபப்படக் கூடாது.

குனியோ: கண்ணைக் கட்டிக்கிட்டிருக்கிறவன் கோபப்பட்டு எங்கே ஓடப் போறான். சொல்லு.

மியாகோ: சன்ஸ்கிரீன்.

குனியோ: என்னது?

மியாகோ: வெயிலுக்கு உடம்புல பூசிக்கறாங்களே, அது. காகிதத் துண்டுல தடவிக் காய வச்சு, இலையோட சேத்து டப்பாவுல போட்டு மூடினேன். டப்பாவுக்கு ஒரு வகை. மூணு ராத்திரி அப்படியே இருந்துது. தகர டப்பாதான்... உங்க நல்ல டப்பாவையெல்லாம் தொடல.

குனியோ: தேயிலை டப்பா இருக்கிற அலமாரியில சோப்பு வச்சதுக்கே நான் ஒரு வாரம் பேசாம இருந்தேன். நீ டப்பாவுக்குள்ளேயே சன்ஸ்கிரீன் போட்டிருக்கே.

மியாகோ: அதான் கண்ணைக் கட்டினேன்.

குனியோ: நான் ஓடிடாம இருக்கவா?

மியாகோ: முறைக்காம இருக்க.

குனியோ: ...சரி. முறைக்க முடியல. எதுக்கு இந்தச் சோதனைன்னு மட்டும் சொல்லு.

மியாகோ: ஞாயித்துக்கிழமை பறிப்பு. தேயிலைப் போட்டிக்குப் போற இலை. காலையில பதினெட்டு பொம்பளைங்களும் வரிசையில நிப்போம். நீங்க ஒவ்வொருத்தர் கையையும் வாங்கி மோந்து பாப்பீங்க. போன வருஷம் ஃபுசாயே கையில ஆரஞ்சு கிரீம் வாசம் வருதுன்னு திருப்பி அனுப்பிட்டீங்க. வண்டி நிறுத்தற இடம் வரைக்கும் அழுதுக்கிட்டே போனா.

குனியோ: இலையோட குணம் அப்படி. பக்கத்துல என்ன வாசம் இருந்தாலும் குடிச்சுடும். ஒருத்தி கையில இருந்த ஆரஞ்சு, பறிச்ச இலையை ஆவியில வேக வைக்கும்போது மொத்த இலையிலயும் ஏறிடும். நடுவர் ஒரு வாய் குடிச்சுட்டுக் கோப்பையைத் தள்ளி வச்சுடுவார். பதினெட்டு பேர் குனிஞ்சு நிமிந்ததெல்லாம் வீண்... மறுநாள் நான் ஃபுசாயே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், உனக்குத் தெரியாது.

மியாகோ: தெரியும். இனிப்புப் பொட்டலம் வாங்கிட்டுப் போனீங்க. அவ அதை எங்க எல்லாருக்கும் பங்கு போட்டா. பதினேழு பேரும் உங்களைத் திட்டிக்கிட்டே தின்னோம்.

குனியோ: நல்லா இருந்துதா?

மியாகோ: நல்லாத்தான் இருந்துது... நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நான் பூசிக்கிட்டு வந்து நின்னா என்னையும் திருப்பி அனுப்புவீங்களா?

குனியோ: நீ எதுக்குப் பூசிக்கணும்? இருபத்திரண்டு வருஷமா ஒரு தொப்பியோட நிக்கறவ.

மியாகோ: கேட்டதுக்குப் பதில்.

குனியோ: உன்னை எப்படித் திருப்பி அனுப்ப முடியும்? முதல் தளிரை வீட்டுக்காரிதான் கிள்ளணும். நீ கிள்ளாம மத்தவங்க செடி மேல கை வைக்க மாட்டாங்க. நீ வீட்டுக்குப் போனா அவங்க எல்லாரும் வெயில்ல சிலை மாதிரி நிக்க வேண்டியதுதான்.

மியாகோ: அதான் சொல்றேன். வராம இருக்கவும் முடியாது. பூசாம வரவும்...

குனியோ: பூசாம வரவும்?

மியாகோ: ...பிடிக்கல. இந்த வருஷம் பிடிக்கல. அதனால, வாசமே இல்லாத ஒண்ணு எனக்கு வேணும். உங்க மூக்குக்குத் தெரியலைன்னா எந்த நடுவர் மூக்குக்கும் தெரியாது. நீங்க தேறிடுச்சுன்னு சொல்றதைத்தான் பூசிப்பேன். தேறலைன்னா...

குனியோ: தேறலைன்னா?

மியாகோ: தேறும். முதல் கோப்பைக்குத் தீர்ப்புச் சொல்லுங்க.

குனியோ: வாசம் இல்ல. வெறும் தேயிலைதான்.

மியாகோ: நிஜமாவா? இது பால் மாதிரி இருக்கும். பெரிய பாட்டில், குடும்பமே பூசிக்கலாம். எனக்கென்னவோ லேசா எலுமிச்சைத் தோல் மாதிரி...

குனியோ: உன் மூக்குக்குத் தோணியிருக்கும். என் மூக்குக்கு இல்ல. அடுத்தது குடு.

மியாகோ: இருங்க, நடுவுல வெந்நீர் குடிச்சு வாயைக் கொப்பளிங்க. எப்பவும் அப்படித்தானே செய்வீங்க.

குனியோ: ஆமா... மறந்துட்டேன். மழை பெஞ்சா எல்லாம் மறந்து போகுது. இந்த அஞ்சையும் எங்கே வாங்கினே?

மியாகோ: ரயில் நிலையத்துக்கு எதிர்ல மருந்துக் கடை இருக்குல்ல, அங்கே. அந்தச் சின்னப் பொண்ணு சுஸு இருக்காளே, என் கையைப் பிடிச்சு மேஜை மேல வச்சுட்டு, மணிக்கட்டுலேருந்து முழங்கை வரைக்கும் கோடு கோடாப் போட்டுட்டா. ஒரு கோடு பால், ஒரு கோடு ஜெல், ஒரு கோடு ஸ்பிரே. எது வெள்ளையாத் திட்டு விடுது, எது பிசுபிசுக்குதுன்னு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாக்கறா. நான் மீன் கடையில படுத்திருக்கிற மீன் மாதிரி நிக்கறேன்.

குனியோ: விலை சொன்னாளா?

மியாகோ: மீனுக்கா, கிரீமுக்கா?

குனியோ: மீனுக்குத்தான்.

மியாகோ: போங்க... ஆனா நிறைய சொல்லிக் குடுத்தா. நாமெல்லாம் கடலுக்குப் போறப்பதானே பூசுவோம். தப்பாம். தினமும் பூசணுமாம். மேகமா இருந்தாலும் பூசணுமாம், மேகத்துக்குள்ளேருந்தும் வருமாம். ஜன்னல் பக்கம் உக்காந்து பட்டாணி உரிச்சாக் கூட, கண்ணாடி வழியா வருமாம்.

குனியோ: யாரு, வெயிலா?

மியாகோ: வெயில்ல ஒரு பங்கு. சூடு தெரியாம வர்ற பங்கு. அதுக்கு டப்பாவுல பிளஸ் குறி போட்டிருக்கும், நாலு பிளஸ் இருக்கான்னு எண்ணிப் பாத்து வாங்கணும். எஸ்பிஎஃப் எண்ணு வேற, அது தோல் சிவந்து எரியற வெயிலுக்கு. எனக்கு அம்பதுக்குக் குறைஞ்சு வேண்டாம்னு... சுஸு சொன்னா.

குனியோ: சுஸு சொன்னாளா?

மியாகோ: சுஸுதான். வேற யாரு?

குனியோ: இல்ல, கேட்டேன். எவ்வளவு பூசணுமாம்?

மியாகோ: அதுலதான் எல்லாரும் கோட்டை விடறோமாம். பட்டாணி அளவு எடுத்து ரெண்டு கைக்கும் தேய்ச்சாப் பூசாததுக்குச் சமமாம். மணிக்கட்டுலேருந்து தோள் வரைக்கும் நீளமா ஒரு கோடு விட்டு, உள்ளங்கையால சுத்திச் சுத்திப் பரப்பணும். அப்புறம் பிடரி. காதுக்குப் பின்னாடி. பாதத்து மேல்பக்கம். ரெண்டு ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தரம் மறுபடியும். வேர்த்தா அதுக்கு முன்னாடியே.

குனியோ: பிடரிக்கு உனக்குக் கை எட்டாதே.

மியாகோ: எட்டாது.

குனியோ: ஆள் வேணும்.

மியாகோ: பாப்போம், ஆள் கண்ணைத் திறந்தப்புறம். இந்தாங்க, ரெண்டாவது.

குனியோ: ...ம். ...ம்.

மியாகோ: தூங்கறீங்களா?

குனியோ: இல்ல. ரயில்ல இருக்கேன். நம்ம ரெண்டு பேரும் முதல் தரம் மலைக்கு மேல வந்தோமே, ஒரே ஒரு பெட்டி வச்ச ரயில்ல. நீ ஜன்னல் பக்கம் உக்காந்திருந்தே. வெயில் உன் மடியில உக்காந்துக்கிட்டு வந்துது, பூனைக்குட்டி மாதிரி. சுரங்கம் வரும்போதெல்லாம் இறங்கிப் போயிடும், வெளிய வந்ததும் மறுபடி ஏறிக்கும். நீ அதைத் தடவிக் குடுத்துக்கிட்டே வந்தே.

மியாகோ: அதெல்லாம் இந்தக் கோப்பையில இருக்கா?

குனியோ: அடியில இருக்கு.

மியாகோ: ...அப்ப எனக்கு வெயில்னா அவ்வளவு பிடிக்கும்.

குனியோ: இப்ப?

மியாகோ: இப்ப வயசாச்சு. கன்னத்துல திட்டு வந்துடுச்சு. பாக்கலையா நீங்க?

குனியோ: பாத்தேன். ரெண்டு கன்னத்துலயும், மூக்குத் தண்டு மேலயும். சிவப்பா.

மியாகோ: சிவப்பெல்லாம் இல்ல. பழுப்பு. வயசுத் திட்டு. எல்லாருக்கும் வர்றதுதான்.

குனியோ: சரி, பழுப்பு.

மியாகோ: ரெண்டாவதுக்குத் தீர்ப்பு?

குனியோ: வாசம் இல்ல. இதுவும் தேறிடுச்சு.

மியாகோ: இது ஜெல். தண்ணி மாதிரி தோல்ல இறங்கிடும். சுஸு இதைத்தான் பூசிக்கறாளாம், சட்டைக் கழுத்துல கறை பிடிக்கறதில்லையாம்... நீங்க நல்லா மோந்துதான் பாத்தீங்களா?

குனியோ: என்ன மியாகோ, நீ என் மூக்கையே சந்தேகப்படறே. இந்த மூக்கை நம்பிப் பதினோரு தோட்டத்துக்காரங்க இலையைக் கலக்கக் குடுக்கறாங்க.

மியாகோ: சந்தேகம் இல்ல. வெந்நீர். கொப்பளிங்க... சரி, இது மூணாவது. இதை மெதுவாக் குடிங்க.

குனியோ: ...

மியாகோ: என்ன?

குனியோ: ...ஒண்ணும் இல்ல. சூடு.

மியாகோ: ஆறித்தானே இருக்கு. சொல்லுங்க. எங்கே இருக்கீங்க?

குனியோ: எங்கேயும் இல்ல. படகுல இருக்கேன். துடுப்பு போடாத படகு. கரையில நிறையப் பேர் நின்னு கையாட்டறாங்க, ஒருத்தரையும் தெரியல. தண்ணி மேல எதுவோ மிதந்து வருது...

மியாகோ: பூவா?

குனியோ: இலை. வெறும் இலைதான்.

மியாகோ: பூ இல்லையா? நல்லாப் பாருங்க.

குனியோ: கனவுல கூட நீ சொல்றதைத்தான் பாக்கணுமா? வாசம் இல்ல. தேறிடுச்சு.

மியாகோ: மூணாவதுமா?

குனியோ: மூணாவதும்.

மியாகோ: ...இது ஸ்பிரே. டப்பாவைத் திறந்தப்ப எனக்கே தெரிஞ்சுது. பூ வாசம். மூணு ராத்திரிக்கு அப்புறமும் அப்படியே இருக்கு. இது நிச்சயம் தேறாதுன்னு நினைச்சேன்.

குனியோ: நீ நினைச்சே. தேறிடுச்சு. நான் ஒண்ணு கேக்கட்டுமா?

மியாகோ: கேளுங்க.

குனியோ: வேற ஏதாவது சொல்லணுமா என்கிட்ட? கண்ணைக் கட்டியிருக்கு. இப்ப சொன்னா நான் உன் மூஞ்சியைப் பாக்க முடியாது. இதை விட வசதியான நேரம் கிடைக்காது.

மியாகோ: என்ன சொல்லணும்?

குனியோ: எனக்கென்ன தெரியும். பொதுவாக் கேட்டேன்.

மியாகோ: பொதுவாக் கேட்டா பொதுவாத்தான் சொல்லுவேன். மழை நல்லாப் பெய்யுது. சனிக்கிழமை விட்டுடும்னு ரேடியோவுல சொன்னான். ஞாயித்துக்கிழமை பளிச்சுனு வெயிலடிக்கும்.

குனியோ: அடிக்கும்.

மியாகோ: மூணு வருஷமா ரெண்டாவது இடம். இந்த வருஷம் தளிர் வந்திருக்கிற அழகைப் பாத்து நீங்களே சொன்னீங்க, இப்படி ஒரு வசந்தம் இன்னொரு தரம் வராதுன்னு. எனக்கு அது போதும். அதுக்கு என்னால ஒரு குறையும் வரக் கூடாது. அதான் இவ்வளவு பாடு. புரியுதா?

குனியோ: புரியுது.

மியாகோ: நாலாவது. குடிங்க.

குனியோ: மழை.

மியாகோ: ம்?

குனியோ: மழை மட்டும்தான் இருக்கு. ரயில் இல்ல, படகு இல்ல. வெறும் மழை... இது என்னது?

மியாகோ: குழந்தைங்களுக்குப் பூசறது. மஞ்சள் மூடி, யானை படம் போட்டிருக்கு. சுஸு சிரிச்சா. "அத்தை, உங்களுக்கா?"ன்னு கேட்டா. பேரனுக்குன்னு சொல்லிட்டேன்.

குனியோ: நமக்குப் பிள்ளையே இல்லையே.

மியாகோ: பிள்ளை இல்லைன்னா என்ன, மருந்துக் கடையில பேரன் இருக்கக் கூடாதா? கொஞ்சம் வெள்ளையா நிக்குது, பூசினா மாவுல கை விட்ட மாதிரி. ஆனா உறுத்தல. நான் தோள்ல பூசிப் பாத்தேன்... இதுவும் வாசம் இல்லையா?

குனியோ: இல்ல.

மியாகோ: நாலும் தேறிடுச்சு.

குனியோ: நல்லதுதானே. எதை வேணும்னாலும் பூசிக்கலாம். உனக்கு எது இதமா இருக்கோ அதை நிறையப் பூசிக்கோ.

மியாகோ: நீங்க இப்படிப் பேசவே மாட்டீங்களே.

குனியோ: எப்படி?

மியாகோ: நிறையப் பூசிக்கோன்னு. மார்ச் மாசம் பொறந்தா, இலைக்கு ஆகாதுன்னு எனக்குப் பூண்டு கூட வாங்கித் தர மாட்டீங்க... சரி. கடைசிக் கோப்பை. எழுந்து உக்காருங்க. சாஞ்சுக்கிட்டுக் குடிக்க வேண்டாம்.

குனியோ: என்ன இவ்வளவு கண்டிப்பு?

மியாகோ: உக்காருங்க. ரெண்டு கையாலயும் பிடிங்க. மூக்கைக் கோப்பைக்குள்ள விட்டு, எப்பவும் சத்தமா உறிஞ்சுவீங்களே, அப்படி உறிஞ்சுங்க.

குனியோ: ...ம்.

மியாகோ: இன்னொரு தரம்.

குனியோ: ...ம். சுத்தமா இருக்கு. வாசம் இல்ல.

மியாகோ: குனியோ.

குனியோ: என்ன?

மியாகோ: இன்னும் ஒரே ஒரு தரம். எனக்காக.

குனியோ: குடிச்சாச்சு. ஒரு வாசமும் இல்ல, மியாகோ. தேயிலைதான்.

மியாகோ: ...

குனியோ: எங்கே போயிட்டே? சத்தத்தைக் காணோம்.

மியாகோ: இங்கேதான் இருக்கேன். இப்படி உங்க பக்கத்துல உக்காந்துக்கறேன்... அஞ்சாவது டப்பாவுல சன்ஸ்கிரீன் போடல.

குனியோ: பின்னே?

மியாகோ: முள்ளங்கி ஊறுகாய். பெரிய துண்டு. நீங்க அரைத் தூக்கத்துல எல்லாத்துக்கும் தலையாட்டிடுவீங்களேன்னு, உங்களைப் பிடிக்கறதுக்காக விளையாட்டா வச்சேன். திறந்தா வீதி முழுக்க நாறும். அதைக் குடிச்சுட்டுச் சுத்தமா இருக்குன்னு சொல்றீங்க... எப்பலேருந்து?

குனியோ: எப்பலேருந்துன்னா?

மியாகோ: உங்க மூக்கு. ஜனவரியில வந்த காய்ச்சலா? அதுக்கப்புறம்தானா? நானும் கவனிச்சிருக்கணும். சாப்பிடும்போது அடிக்கடி நிறுத்திட்டு எதையோ யோசிப்பீங்க. நான் தொழில் யோசனைன்னு இருந்துட்டேன்.

குனியோ: மியாகோ...

மியாகோ: பேசாதீங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். பதினோரு தோட்டத்துக்காரங்களுக்கும் தெரிய வேண்டாம். ஞாயித்துக்கிழமை நான் உங்க பக்கத்துல நிக்கறேன். நீங்க ஒவ்வொரு கையா மோந்து பாருங்க, நானும் குனிஞ்சு மோந்து பாக்கறேன். வாசம் இருந்தா உங்க முதுகுல ஒரு தட்டு. இல்லைன்னா ஒண்ணும் இல்ல. உலர்த்தும்போதும் கூடவே இருக்கேன். இருபத்திரண்டு வருஷம் உங்க கூட இருந்து எனக்கும் கொஞ்சம் மூக்கு வந்திருக்கும்.

குனியோ: எனக்காக அவ்வளவும் செய்வியா?

மியாகோ: வேற யாருக்குச் செய்வேன்? எனக்கு ஒரே ஒரு வருத்தம்தான். இவ்வளவு பெரிய விஷயத்தை என்கிட்ட சொல்லாம, தனியா மனசுல வச்சுக்கிட்டு எப்படி இத்தனை நாள் இருந்தீங்க? புருஷன் பொண்டாட்டிக்குள்ள இப்படி மறைக்கலாமா?

குனியோ: நீயா கேக்கறே, மறைக்கலாமான்னு?

மியாகோ: ...ஏன் சிரிக்கறீங்க?

குனியோ: துண்டை அவுத்துடு. இல்ல... வேண்டாம், இருக்கட்டும். முள்ளங்கி தோமோயே வீட்டுப் பீப்பாயிலேருந்து வந்தது. காஞ்ச பெர்சிமன் பழத்தோல் போட்டு ஊற வச்சது. நீ சமையலறையில மூடியைத் திறந்தப்பவே தெரிஞ்சுது.

மியாகோ: என்ன?

குனியோ: முதல் கோப்பையில எலுமிச்சைத் தோல், நீ சொன்ன மாதிரியே. ரெண்டாவதுல சாராயம் தோய்ச்ச பஞ்சு. மூணாவது மல்லிகை, ஆனா மல்லிகைச் செடியைப் பாத்திராதவன் செஞ்ச மல்லிகை. என்னைப் படகுலேருந்தே தள்ளிவிட்டுடுச்சு. நாலாவதுதான் நிஜமாவே சுத்தம். யானை போட்டது. அதையே பூசிக்கோ, தினமும்.

மியாகோ: அப்ப... மூக்கு நல்லா இருக்கா?

குனியோ: நல்லா இருக்கு.

மியாகோ: நல்லா இருந்துமா எல்லாத்தையும் தேறிடுச்சுன்னு சொன்னீங்க? நான் அந்த ஸ்பிரேயை அடிச்சுக்கிட்டு வந்திருந்தா? முதல் தளிரிலேயே மல்லிகை ஏறியிருக்கும். பதினெட்டுக் கூடையும் போயிருக்கும்.

குனியோ: போனாப் போகட்டும். எதையாவது நீ பூசிக்கிட்டாப் போதும்னு இருந்துது.

மியாகோ: போகட்டுமா? போட்டி?

குனியோ: போட்டிக்கு இந்த வருஷம் நாம இல்ல. நேத்து மழையோட மழையா நானும் என் தம்பியும் மேல் சரிவுல பந்தல் கட்டிட்டோம். கீழ்த் தோட்டத்துக்குன்னு வச்சிருந்த கறுப்பு நிழல் வலை, தலைக்கு மேல நல்ல உயரத்துல. ஒரு மூலை விடல.

மியாகோ: மேல் சரிவுலயா? அது திறந்த வெயில்ல வளர்ற இலை. வலை போட்ட இலையைப் போட்டியில அந்தப் பிரிவுல தொடக் கூட மாட்டாங்களே.

குனியோ: மாட்டாங்க. பேரை எடுத்துடுங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன்.

மியாகோ: மூணு வருஷம் காத்திருந்துட்டு... இப்படி ஒரு தளிர் வந்திருக்கிற வருஷத்துல... யாரைக் கேட்டு வலை போட்டீங்க? திடீர்னு நிழல் போடற அளவுக்குச் செடிக்கு என்ன வந்துடுச்சு?

குனியோ: செடிக்கு ஒண்ணும் வரல. பிப்ரவரியிலேருந்து நம்ம வீட்டுச் சோத்துல மருந்து வாசம் வருது. எங்கேருந்துன்னு தேடித் தேடி, ஒரு நாள் நீ வெளிய போயிருந்தப்ப அரிசி டப்பாவுக்குள்ள தோள் வரைக்கும் கையை விட்டேன்... அடியில உன் பேர் போட்ட ஆஸ்பத்திரி மருந்துப் பை இருந்துது, மேல சிவப்பு எழுத்துல 'நோயாளி மேல வெயில் படக் கூடாது'ன்னு. இலை மாதிரிதான் அரிசியும், பக்கத்துல இருக்கிறதைக் குடிச்சுடும். படிச்சுட்டு இருந்த மாதிரியே திரும்பப் புதைச்சு வச்சேன், மியாகோ. நீயா சொல்லுவே, நீயா சொல்லுவேன்னு இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் அந்தச் சோத்தைத்தான் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்.